மரணப் பள்ளத்தாக்கில் ஒரு கேம்ரி

அமெரிக்காவில் கார் வாடகைக்கு எடுப்பவருக்கு இன்ன கார்தான் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. முன்பதிவு செய்யும்போது ஒரு படம் காட்டுவார்கள். அதன் கீழே 'அல்லது இதைப் போன்ற வேறொன்று' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நாம் பணம் கட்டுவது காருக்கு அல்ல, ஒரு வகைக்கு. அந்த வகைகளையும் அவர்களாகவே வகுத்துக்கொள்கிறார்கள். கொரோலா அவர்களுக்கு 'மிட்சைஸ்', கேம்ரி 'ஃபுல்சைஸ்'. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை வேறு கணக்கு வைத்திருக்கிறது: ஆட்கள் உட்காரும் இடத்தையும் டிக்கியையும் சேர்த்து அளந்தால் 110 கன அடிக்குக் குறையாமல், 120-க்குள் இருக்க வேண்டும், அதுதான் நடுத்தர செடான். கேம்ரி அதில் சரியாகப் பொருந்துகிறது. நீளம் கிட்டத்தட்ட 4.9 மீட்டர். நம் ஊரில் 4 மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதற்காக 2012-இல் டிசையரின் வாலை வெட்டி 3,995 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். வேலூர்த் தெருக்களில் அந்த டிசையரை ஓட்டிப் பழகியவனுக்கு இது எந்த ஊர் நடுத்தரம் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் வாடகைக் கார் நிலையம் தனியாக, பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு ஒவ்வொரு காப்பீடாக நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஆங்கிலம் போதும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் தெம்பு வேண்டும். கல்லூரி முடித்துவிட்டு வந்திருந்த என் மகன் ஓட்டுவதற்கு ஆசைப்பட்டான். 25 வயது நிறையாதவர் ஓட்டினால் நாளொன்றுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அவன் பின்சீட்டுக்குப் போனான்.

வெளியே எங்கள் வகைக்கான வரிசையில் நாலைந்து கார்கள் சாவியோடு நின்றன. நிசான் ஆல்டிமா, ஹூண்டாய் சொனாட்டா, செவ்ரோலே மாலிபு, டொயோட்டா கேம்ரி. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பதுதான் முறை. நான் கேம்ரிப் பக்கம் போனதற்குக் காரணம் ஒன்றுதான். நம் நாட்டில் கேம்ரி, நட்சத்திர ஓட்டல் வாசலில் வந்து நிற்கும்போது ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கிற கார். ஹைபிரிட் மட்டும்தான் விற்கிறார்கள்; விலை அரைக் கோடியை நெருங்குகிறது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அதன் சொந்தக்காரராக இருப்பது அபூர்வம். அமெரிக்காவிலோ பள்ளிக்கூட வாத்தியாரும் நர்சும் ஓட்டுகிற கார் அது. 1997-இலிருந்து அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற கார் கேம்ரிதான். இடையில் 2001-இல் மட்டும் ஹோண்டா அக்கார்ட் முந்தியது. பிக்கப் லாரிகளையும் எஸ்யூவிகளையும் சேர்த்தால் கதை வேறு.

எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை நிறம். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 203 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக். ஹைபிரிட் இல்லாத பழைய வார்ப்பு. 2025 மாடலிலிருந்து டொயோட்டா கேம்ரியை முழுக்க ஹைபிரிட் ஆக்கிவிட்டதால், இந்த வகையில் இதுதான் கடைசித் தலைமுறை.

டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி, அம்மாவின் பை, ஒரு அரிசி குக்கர் எல்லாம் போன பிறகும் இடம் இருந்தது. 428 லிட்டர். அம்மா ஏறும்போதுதான் சிக்கல். கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னடா இது, கிணத்துப் படியில இறங்கற மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். 2018 மாடலில் கூரையையும் இருக்கையையும் இறக்கிவிட்டார்கள். சாலையில் நன்றாகப் படிந்து ஓட அது உதவுகிறது. முட்டி வலிக்காரர்களுக்கு உதவவில்லை. எழுபது தாண்டியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படாத உயரம் என்பதும் எஸ்யூவிகள் ஜெயித்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஃபோர்ட் நிறுவனம் அமெரிக்காவில் செடான்களையே கைவிடப்போவதாக 2018-இல் அறிவித்தது. டொயோட்டாவிலேயே ஆர்ஏவி4 2017-இல் கேம்ரியைத் தாண்டிவிட்டது. வீட்டு வாசல்களில் குறைந்துவரும் செடான்களை வரிசையாகப் பார்க்க வாடகை நிலையத்துக்கு வரவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் திட்டம் வேகாஸிலிருந்து மேற்கே மரணப் பள்ளத்தாக்கு, அங்கிருந்து சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரமாக வடக்கே போகும் 395-ஆம் நெடுஞ்சாலை, பிறகு டையோகா கணவாய் ஏறி யோசெமிட்டி, கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ. அக்டோபர் முதல் வாரம். அந்தக் கணவாய் பெரும்பாலும் நவம்பரில் மூடினால் அடுத்த வருஷம் மே, ஜூனில்தான் திறக்கும்.

இடதுபக்க ஸ்டியரிங், வலதுபக்கச் சாலை என்பதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: சாலையைவிட இண்டிகேட்டர்தான் கஷ்டம். நம் கார்களில் வலது கையில் இருப்பது அங்கே இடது கையில். பாலைவனத்தில் சொட்டு மழை இல்லாமல் வைப்பர் ஓடுகிற வாடகைக் கார் எதிரே வந்தால், உள்ளே இருப்பவர் எந்தப் பக்க நாட்டிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பரம்ப் என்ற சிற்றூரைத் தாண்டி கலிஃபோர்னியா எல்லைக்குள் நுழைந்ததும் ஒரு நாற்சந்தி. டெத் வேலி ஜங்ஷன். நாலு திசையிலும் வெட்டவெளி. நடுவில் வெள்ளைச் சுவரோடு ஒரு பழைய கட்டடம். 1967-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மார்த்தா பெக்கெட் என்ற நடனக்காரர் இந்தப் பக்கம் வந்தபோது டயர் பஞ்சரானது. அதைச் சரிசெய்யும் நேரத்தில் இந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தவர், அடுத்த வருஷமே அதை அமர்கோசா ஓப்பரா ஹவுஸ் என்ற அரங்கமாக்கிவிட்டார். பார்க்க ஆள் வராத நாட்களுக்காக, உள்ளே சுவர் முழுக்க ரசிகர்களை அவரே வரைந்து வைத்துக்கொண்டார். 2017-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். நான் டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். இருந்தது, ஒல்லியான தற்காலிகச் சக்கரம்.

அங்கிருந்து சாலை இறங்க ஆரம்பிக்கிறது. கடல்மட்டத்துக்குச் சமமான இடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டி இறங்கிக்கொண்டே போகிறோம். பேட்வாட்டர் என்ற உப்புப் படுகைக்கு வந்து சேரும்போது கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே நிற்கிறோம். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த இடம். வண்டியின் திரை 105 என்றது. ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 40 டிகிரியும் சொச்சமும். வேலூரில் மே மாதம் பார்க்காததா என்று நினைத்துக் கதவைத் திறந்தால், இது வேறு வகை வெயில். வியர்வையே தெரியவில்லை, வரும்போதே காய்ந்துவிடுகிறது. இங்கே ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் உலகத்தின் அதிகபட்சக் காற்று வெப்பம் என்று இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

கார் கம்பெனிகள் இன்னும் வெளிவராத மாடல்களுக்குக் குழப்பமான கோலம் போட்ட உறை ஒட்டி, கோடையில் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் கொண்டுவந்து வாட்டி எடுப்பார்கள். ஏசி தாங்குமா, ரேடியேட்டர் தாங்குமா என்கிற பரீட்சை. அப்படித் தேறிய ஏசியை நாங்கள் முழு வேகத்தில் வைத்திருந்தோம். பின்சீட்டுக்குத் தனிக் காற்றுத்துளை உண்டு. அரைமணி வெயிலில் நின்ற வண்டி, கிளம்பிய சில நிமிஷத்தில் அம்மாவைச் சால்வை எடுக்க வைத்துவிட்டது.

ஸ்டவ்பைப் வெல்ஸ் தாண்டி மேற்கே போனால் டவுன் பாஸ் ஏற்றம். கடல்மட்டத்தில் தொடங்கி 4,956 அடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிற சாலை. வளைவுகள் அதிகம் இல்லை, அதுதான் ஏமாற்று. நேராகத் தெரிவதால் செங்குத்து கண்ணுக்குத் தெரியாது. என்ஜின் சூடாகாமல் இருக்க ஏசியை நிறுத்துங்கள் என்று ஓரத்தில் பலகை. ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்த் தொட்டிகள். "நிறுத்திடலாமாங்க?" என்றாள் மனைவி. நான் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். அது நடுவிலிருந்து அசையவில்லை. கியர் மட்டும் ஆறு, ஐந்து என்று இறங்கி, என்ஜின் சத்தம் உள்ளே நுழைந்தது. இந்த நாலு சிலிண்டர் சாதாரணமாக இருப்பதே தெரியாது; ஏற்றத்தில் மிதித்தால் கொஞ்சம் கரகரக்கும். இழுவையில் குறை சொல்ல முடியாது. நாலு பேர், பெட்டிகள், ஏசியோடு 55 மைல் வேகத்தில், அதாவது 88 கிலோமீட்டரில், மேலே போய்ச் சேர்ந்தது.

டொயோட்டாவுக்கு இப்படிப்பட்ட ஏற்றங்கள் ஒரு காலத்தில் அவமானமாக இருந்தன. 1957 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில் அந்த நிறுவனம் தன் முதல் அமெரிக்க அலுவலகத்தைத் திறந்தது. விற்கக் கொண்டுவந்த கார் டொயோபெட் கிரவுன். ஒன்றரை லிட்டர் என்ஜின், அறுபது குதிரைத்திறன் அளவு, ஜப்பானின் கரடுமுரடான சாலைகளில் டாக்சியாக உழைப்பதற்கு ஏற்ற கனமான உடம்பு. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலையில் அமெரிக்க வேகத்துக்கு விரட்டினால் உதறியது, சூடானது, மேட்டில் மூச்சு வாங்கியது. 1958 முழுக்க விற்றது 287 கிரவுன்கள். 1960-ஓடு ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டு, திரும்பிப் போய் யோசித்தார்கள். டவுன் பாஸ் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி இதை மகனிடம் சொன்னபோது அவன், "287 பேரும் என்ன பண்ணியிருப்பாங்கப்பா?" என்று கேட்டான். ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன்.

அடுத்து பனமின்ட் பள்ளத்தாக்கில் முழுக்க இறங்கி, மறுபடி ஃபாதர் க்ரவுலி மேட்டுக்கு ஏறும் வழி. இது வளைவுச் சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. கேம்ரி எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது இங்கேதான். இவ்வளவு நீளமான கார் வளைவில் வெளியே சாயும் என்று எதிர்பார்த்தேன். சாயவில்லை. ஸ்டியரிங் லேசானது, விரல் நுனியில் திரும்புகிறது. ஆனால் சாலையின் சொரசொரப்பைக் கைக்குச் சொல்வதில்லை. டிசையரில் பள்ளம் மேடெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும், இதில் வடிகட்டித்தான் வருகிறது. ஓட்டுவதில் ருசி கண்டவர்கள் இதைக் குறை என்பார்கள். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் தலை கண்ணாடியில் இடிக்கவில்லை. குடும்பக் காருக்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. முன்கண்ணாடியின் அடிவிளிம்பைத் தாழ்வாக வைத்து, பக்கத் தூண்களை ஒல்லியாக்கியிருக்கிறார்கள். வளைவில் அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தி சாயும்போது லோன் பைன் ஊருக்கு வந்தோம். கோடையில் உருகும் பனிநீரெல்லாம் வந்து சேர்ந்த ஓவன்ஸ் ஏரி, வழியில் வெளுத்துக் கிடந்தது. 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை 200 மைலுக்கு மேல் கால்வாய் வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஏரி வற்றிப்போனது. ஊருக்கு மேற்கே உருண்டைப் பாறைகள் குவிந்த அலபாமா ஹில்ஸ். நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் எடுத்த இடம். 1939-இல் வந்த 'குங்கா தின்' படத்துக்கு இதுதான் இந்தியாவின் வடமேற்கு எல்லை. அந்தப் பாறைகளுக்குப் பின்னால் விட்னி சிகரம், 14,505 அடி. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் மிக உயர்ந்த இடம். காலையில் நின்றது மிகத் தாழ்ந்த இடத்தில். நேர்கோட்டில் இரண்டுக்கும் நடுவே சுமார் 135 கிலோமீட்டர்தான்.

மறுநாள் காலை வடக்கே கால்மணி நேரம் ஓட்டியதும் இடதுபக்கம் ஒரு காவல் கோபுரம் தெரிந்தது. மான்சனார்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையின்படி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீட்டிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அப்படிப்பட்ட பத்து முகாம்களில் ஒன்று இது. உச்சத்தில் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். 20 அடிக்கு 25 அடி அறை ஒன்றுக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு. சொந்தமோ பந்தமோ பார்ப்பதில்லை. பலகைச் சுவரின் இடுக்கு வழியாகக் காலையில் எழுந்தால் போர்வை மேல் மணல் படிந்திருக்கும். முள்வேலியைச் சுற்றி எட்டுக் காவல் கோபுரங்கள்.

முகாம் கட்டடங்களில் பெரும்பாலானவை போர் முடிந்ததும் விற்கப்பட்டு, பிரிக்கப்பட்டுப் போய்விட்டன. முகாமில் இருந்தவர்களே 1944-இல் கட்டிய பள்ளிக்கூட அரங்கம்தான் இப்போது அருங்காட்சியகம். மற்றதைக் காரில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்க உள்ளே ஒரு சாலை இருக்கிறது. சத்தமில்லாமல், பத்து மைல் வேகத்தில், கட்டட வரிசைகளின் எண் எழுதிய குச்சிகளைத் தாண்டித் தாண்டிப் போனோம். யாரோ நட்ட பழமரங்கள், யாரோ கல் அடுக்கிச் செய்த தோட்டக் குளங்கள், தண்ணீர் இல்லாமல். மேற்குக் கோடியில் கல்லறையும், 1943-இல் எழுப்பிய வெள்ளைத் தூணும்.

அருங்காட்சியகத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது கார்களைப் பற்றிய ஒரு செய்தி. முதலில் இங்கே வந்தவர்களில் ஒரு பகுதியினர் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சொந்தக் கார்களிலேயே, ராணுவ வண்டிகள் காவல் வர, வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்ததும் கார்கள் பறிமுதலாயின. தங்களை அடைக்கப்போகும் இடத்துக்குத் தாங்களே பெட்ரோல் போட்டு ஓட்டி வந்த அந்த மனிதர்கள் அமெரிக்கக் கார்களைத்தான் ஓட்டியிருப்பார்கள். ஜப்பான் கார் என்ற ஒன்று அன்று அந்த நாட்டில் விற்பனைக்கே வரவில்லை.

வெளியே வந்து பார்த்தால், வண்டி நிறுத்துமிடத்தில் பாதிக்கு மேல் டொயோட்டா, ஹோண்டா, சுபாரு.

இந்தத் தூரம் சும்மா கடந்ததல்ல. டொயோட்டாவே 1950-இல் திவாலாகிற நிலையில் இருந்தது. கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்கள்தான் கைதூக்கி விட்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் வேலை போனவர்கள் ஜப்பான் கார்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவது பொது வேடிக்கையானது. 1982-இல் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, கார் கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பான் மேலிருந்த ஆத்திரம் அவர் தலையில் விடிந்தது. அந்த வழக்கில் யாரும் தண்டனையாக ஒருநாள்கூடச் சிறையில் கழிக்கவில்லை. 1981-இலேயே ஏற்றுமதிக்கு ஆண்டுக்கு 16,80,000 கார் என்று ஜப்பான் தானாகவே வரம்பு போட்டுக்கொண்டிருந்தது. 'தானாகவே' என்பது பேச்சுக்கு. வரம்புக்கு வழி, அங்கேயே தொழிற்சாலை கட்டுவது. கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா கட்டிய தொழிற்சாலையிலிருந்து முதல் கேம்ரி வெளிவந்தது 1988-இல். முகாம்களில் அடைத்ததற்காக அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கும் சட்டத்தில் அதிபர் ரேகன் கையெழுத்திட்டதும் அதே 1988-இல்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இருந்தாலும் கேம்ரி என்றாலே உப்புச்சப்பில்லாத கார் என்று விமர்சகர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இனி மான்சனார் ஞாபகம் வரும். ஜப்பானிய முகம் என்ற ஒன்றுக்காகவே ஆட்களை வேலிக்குள் தள்ளிய ஊரில், யாரும் திரும்பிப் பார்க்காத கார் என்ற நிலைக்கு ஒரு ஜப்பான் கார் வந்து சேர எத்தனை வருஷம் பிடித்திருக்கிறது! டொயோட்டா கண்ணைப் பறிக்காத காரைச் செய்ததில் வியாபாரத்துக்கு மேலே ஒரு தற்காப்பும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

395-இல் அன்றைக்கு நான் அதிகம் ஓட்டவில்லை, வண்டிதான் ஓட்டியது. முன்னால் போகும் வண்டியை ராடாரால் பார்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இந்த அடிப்படை மாடலிலேயே இருக்கிறது. 65 என்று வைத்துவிட்டால் கால் ஓய்வெடுக்கலாம். கோட்டுக்குள் வண்டியை வைத்திருக்க ஸ்டியரிங்கையும் அதுவே லேசாகத் திருப்பும்; கையை எடுத்தால் கூவும். பிஷப் தாண்டி ஷெர்வின் மேட்டில் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறும்போதுகூட வேகம் குறையவில்லை. மைலேஜ் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று காட்டியது. அரசு முத்திரை குத்திய நெடுஞ்சாலைக் கணக்கும் ஏறக்குறைய அதேதான். டிசையர்க்காரன் இதற்கு அசர மாட்டான். ஆனால் இங்கே என்ஜின் இரு மடங்கு.

பெட்ரோல் போடுவது பற்றி ஒரு வார்த்தை. பங்க்கில் ஆள் கிடையாது. கார்டைச் செருகினால் இயந்திரம் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். வேலூரின் 632001-ஐ அது ஏற்காது. ஓர் இலக்கம் அதிகம். உள்ளே போய்க் கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு, பம்ப் எண்ணைச் சொல்லி, திரும்பி வந்து போட வேண்டும். பள்ளத்தாக்குக்குள் இருக்கும் பங்க்குகளில் விலை கொள்ளை. நெவாடா எல்லையைத் தாண்டும் முன் டேங்க்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

லீ வைனிங்கிலிருந்து டையோகா கணவாய்க்கு ஏறும் சாலைதான் வண்டிக்கு உண்மையான சோதனை. 20 கிலோமீட்டருக்குள் 3,000 அடிக்கு மேல் ஏறி 9,943 அடிக்குப் போகிறது. டர்போ இல்லாத என்ஜின் உயரத்தில் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 203 குதிரைத்திறனில் உச்சியில் மிஞ்சுவது நூற்று நாற்பது சொச்சம். அது ஆக்சிலேட்டரில் தெரிந்தது. மிதிக்கிறோம், சத்தம் வருகிறது, வேகம் யோசித்துவிட்டு வருகிறது. எட்டுக் கியர்களும் எது சரி என்று தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டன. 'எஸ்' பக்கம் தள்ளி நாலாவதில் நிறுத்தி வைத்ததும் சண்டை ஓய்ந்தது.

யோசெமிட்டியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதியவர்கள் ஏராளம். டெனாயா ஏரிக்கரையில் புளியோதரை சாப்பிட்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓட்டுபவர்களுக்கு ஒன்று: சாலையோரம் ஆங்காங்கே சிவப்புக் கரடி படம் போட்ட பலகைகள் இருக்கும். அந்த இடத்தில் கார் மோதிய கரடிக்கான அடையாளம் அது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் 45 மைலைத் தாண்ட மனம் வராது. பூங்காவை விட்டு மேற்கே இறங்கும்போது பிரீஸ்ட் கிரேடு என்ற இறக்கம். பழைய பாதை 3 கிலோமீட்டரில் சுமார் 1,500 அடியைத் தொப்பென்று இறங்கிவிடும். புதிய பாதை வளைந்து வளைந்து இறங்கும். நான் புதியதில், இரண்டாவது கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினேன். பிரேக் வாசனை எதுவும் வரவில்லை.

ஃப்ரீமாண்ட்டில் மனைவியின் அண்ணன் வீடு. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர். வாசலில் கேம்ரியை நிறுத்தியதும் மச்சான் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இவ்ளோ தூரம் வந்து போயும் போயும் கேம்ரியா எடுத்தீங்க? ஒரு டெஸ்லா எடுத்திருக்கலாம்ல?"

அவர் வீட்டு வாசலிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் டெஸ்லாதான் நின்றது. சாயங்காலம் அதில் எங்களை ஏற்றிக்கொண்டு, அது பிறந்த தொழிற்சாலைப் பக்கமாகவே ஒரு சுற்று கூட்டிப்போனார். பெரிய வெள்ளைக் கட்டடம். அது முதலில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை. குடித்துவிட்டு வேலைக்கு வருவதும், திங்கட்கிழமைகளில் வராமலே இருப்பதும் அங்கே சகஜம். 1982-இல் இழுத்து மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் திறந்து, அதே தொழிலாளர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள். கோளாறு கண்ட எவரும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற டொயோட்டா முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சீக்கிரத்திலேயே அங்கே செய்த கார்கள் தரத்துக்குப் பெயர் வாங்கின. 2010-இல் அதுவும் மூடியது. அதே ஆண்டு 4.2 கோடி டாலருக்கு டெஸ்லா வாங்கியது. அங்கே கேம்ரி செய்ததில்லை, கொரோலா, டகோமா போன்றவைதான். நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வர, மச்சான், "உங்களுக்குக் கார் பிடிச்சிருந்துதா, அதச் சொல்லுங்க" என்றார். பிடித்திருந்தது என்றேன். "எது?" என்றார். பக்கத்தில் இருந்த என் மகன் முந்திக்கொண்டு, "பின்சீட்டு மாமா. நல்லாத் தூங்கலாம்" என்றான்.

மறுநாள் ஒரு பாலத்தைத் தாண்டி, சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வண்டியை விட்டோம். ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் கண்ணாடியிலிருந்த பட்டையைப் படித்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நாங்கள் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் இன்னொருவர் அதை ஓட்டிக்கொண்டு கழுவப் போய்விட்டார். ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து அந்த வாடகை நிறுவனத்திடமிருந்து ஒரு பில் வந்தது. பாலத்துச் சுங்கம் தனி, அதை எங்கள் சார்பில் கட்டியதற்கான சேவைக் கட்டணம் தனி. சுங்கத்தைவிடச் சேவைதான் அதிகம்.